தண்ணீர் பார்க்கிறவள்

அந்தத் தீவில் அவளை எல்லோரும் நாக்கு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் படுத்துத் தூங்கியது. வேறு இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து நாக்கு என்று சொன்னால் செருப்பு பறக்கும். இவளுக்கோ அது பட்டம். அறுபது வீட்டுக்கும் ஒரே கிணறு. அந்தத் தண்ணீரைத் தினமும் முதல் ஆளாக வாயில் வைத்துப் பார்த்து, குடிக்கலாமா கூடாதா என்று சொல்கிற உரிமை இவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

சுற்றிலும் கடல் கிடக்கிற இடத்தில் குடிதண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். எல்லாம் பெய்த மழைதான். மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணீரின் மேல், பாலில் ஆடை படிகிற மாதிரி படிந்து நிற்கும். அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு இழுத்தால் கடல் மேலே ஏறிவிடும். அதனால்தான் விடிந்ததும் நாக்கு அக்கா ஒரு வாளி இறைப்பாள், ஒரு வாய் ஊற்றிக்கொள்வாள், கண்ணை மூடுவாள். "நல்லது" என்றால் பூட்டைத் திறப்பாள், வரிசையில் இருக்கிற குடங்கள் நகரும். "உப்பு" என்றால் சாவி இடுப்பை விட்டு இறங்காது. அன்றைக்குக் கிணற்றுக்கு ஓய்வு. எவன் கெஞ்சினாலும் சரி, ஊர்த் தலைவரே வந்து நின்றாலும் சரி.

இந்த வேலை அவளுக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அக்கரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள், முதல் நாளே மாமியார் நீட்டிய செம்புத் தண்ணீரைத் துப்பினாள். துப்பிய வேகத்தில் மாமியாரின் புடவை நனைந்தது. வேறு வீடாக இருந்தால் அன்றே மூட்டை கட்டி அனுப்பியிருப்பார்கள். இங்கே மறுநாள் காலையில், அதுவரை கிணற்றைப் பார்த்துவந்தவள் தேடி வந்து சாவியைக் கையில் திணித்தாள். அவளுக்கு இவளைவிட ஏழெட்டு வயது கூட இருந்தால் அதிகம்.

"நானும் அக்கரையிலேருந்து வந்தவதான். வந்து ஆறு வருஷம் ஆச்சு, இனி எனக்குத் தெரியாது. இதுக்குப் புதுசா வந்தவ நாக்குதான் வேணும். உனக்கும் ஒரு நாள் தெரியாமப் போகும். அப்ப அடுத்தவகிட்டக் குடுத்துடு."

சாவியை வாங்கிக்கொண்டாள். கடைசியில் சொன்ன பேச்சை வாங்கிக்கொள்ளவில்லை. ஆறு வருஷம் போயிற்று, பதினாறும் போயிற்று. புருஷன் போய்ச் சேர்ந்தான். மகன் வளர்ந்து படகு எஞ்சின் பழுது பார்க்கிறவனானான். சாவி மட்டும் இடம் மாறவில்லை. கொடுக்க மனசு வந்தால்தானே? கிணற்றடியில் அவள் கண்ணை மூடி நிற்கிற அந்த ஒரு நிமிஷம் அறுபது வீடும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்க்கும். மகாராணிக்குக்கூட அப்படி ஒரு நிமிஷம் வாய்க்காது.

தீவில் வருஷத்துக்கு நாலு காலம். மழைக்காலத்தில் கிணறு நிறையும், கூரை ஒழுகும். அடுத்து அமைதிக்காலம். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கும், படகுகள் போகும் வரும், கல்யாணப் பேச்செல்லாம் அப்போதுதான். பிறகு வெயில்காலம், நாய்கூட நிழலை விட்டு நகராது, கிணறு இறங்கும். கடைசியில் காற்றுக்காலம். நாற்பத்தைந்து நாள் அக்கரைப் படகு வராது, இங்கிருந்து ஒரு கட்டைகூட மிதக்காது. அதற்குள் சாகிறவர்கள் இங்கேயே சாகவேண்டும், பிறக்கிற பிள்ளை இங்கேயே பிறக்கவேண்டும்.

ஆரம்ப வருஷங்களில் ஒவ்வொரு வெயில்காலத்திலும் இருபது நாளாவது அவள் உப்பு என்று பூட்டியிருக்கிறாள். போகப் போக அது பத்தாயிற்று, நாலாயிற்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தலைவர் கயிற்றையும் உருளையையும் ஓரங்கட்டிவிட்டு மோட்டார் வைத்தார். கிணற்று மூடியிலிருந்த பூட்டு மோட்டார் அறைக்குப் போயிற்று. அன்றிலிருந்து அவள் ஒரு நாள்கூட உப்பு என்று சொன்னதில்லை.

"நம்ம மோட்டார் வந்த நேரம், கிணறே திருந்திடுச்சு பாத்தீங்களா" என்று தலைவர் மார்தட்டினார். "எங்க அக்கா கைராசி" என்றார்கள் பெண்கள். மழையோ இரண்டு வருஷமாகச் சரியாகப் பெய்யவில்லை. மழை குறையும்போது உப்பு எப்படிக் குறையும் என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கே சந்தேகம் வந்திருக்கவேண்டும். ஆனால் புகழ்ச்சி யாருக்குக் கசந்திருக்கிறது? நாக்கு அக்கா கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

கிணறு தன்னால் முடிந்த மட்டும் சொல்லிப் பார்த்தது. கிணற்றடி எலுமிச்சை இலை நுனி கருகி நின்றது. காய்ந்த துணியில் வெள்ளைக் கோடு விழுந்தது. சோப்பு நுரைக்க மறுத்தது, மட்டச் சோப்பை விற்கிறான் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார்கள். பாவம், அந்த மனுஷன் மூன்று கம்பெனி மாற்றிப் பார்த்தார். அக்கரையிலிருந்து வந்த விருந்தாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்கள், விருந்துக்கு வந்தவன் வாய்விட்டுக் குறை சொல்வானா? இரண்டு வருஷத்தில் மூன்று பெண்களுக்கு ஏழு மாதத்துக்கு மேல் பிள்ளை தங்கவில்லை. தலையெழுத்து என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

போன வருஷ அமைதிக்காலத்தில் மகனுக்குக் கல்யாணமாயிற்று. மருமகள் அக்கரையில் தையல் கடையில் வேலை பார்த்தவள். வந்த அன்று செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள், முகம் சுருங்கியது. ஆனால் துப்பவில்லை, வளர்ப்பு அப்படி. விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, தண்ணி கரிக்குதே."

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். சாவியை அவிழ்த்துக் கொடுக்கவேண்டிய நேரம் அதுதான். நாக்கு அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நேற்று வந்த சின்னப் பெண் நாலு பேர் முன்னால் என் நாக்கைத் தப்பு என்கிறாளா என்று வீம்பு முந்திக்கொண்டது.

"புது இடம் இல்லையா கண்ணு, பழகிடும்" என்றாள்.

பழகிவிட்டது. அதுதான் கொடுமை. மூன்று மாதத்தில் அந்தப் பெண் தண்ணீரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

மாமியாரும் மருமகளும் கீரியும் பாம்புமாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு வலிக்காது. வந்த பத்தாம் நாள் அந்தப் பெண் மாமியாரை நிறுத்தி வைத்து, டேப்பால் அளவெடுத்து, தோள்பட்டை இறங்காத ரவிக்கை ஒன்று தைத்துக் கொடுத்தாள். வாழ்நாளில் யாரும் நாக்கு அக்காவுக்கு அளவெடுத்து எதையும் செய்ததில்லை. "இவ எனக்கு மருமக இல்ல, நான் பெறாத பொண்ணு" என்று கிணற்றடியில் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னாள். மருமகள் உண்டானபோது மகனைவிட அவள்தான் அதிகம் குதித்தாள். "நிறையத் தண்ணி குடி கண்ணு, வெயில் ஜாஸ்தி" என்று வேளைக்கு ஒரு செம்பு தன் கையாலேயே கொடுத்தாள்.

ஆறு மாதம் முடியும்போது மருமகளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. அக்கரையிலிருந்து மாதம் ஒரு முறை நர்சம்மா வருவாள். புதிதாக மாற்றலாகி வந்தவள், கடல் ஒத்துக்கொள்ளாது. வாந்தி வந்துவிடும் என்று தீவில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காமல், பார்க்கவேண்டியவர்களைப் பார்த்துவிட்டு வந்த படகிலேயே திரும்பிவிடுவாள். தண்ணீரில் உப்பு பார்க்க ஒரு கருவி கொண்டுவரட்டுமா என்று அவள் ஒரு தடவை கேட்டதற்கு, "எங்களுக்கு நாக்கு இருக்கு" என்று தலைவர் சிரித்தார்.

"பிரஷர் ஏறியிருக்கு. சாப்பாட்டுல உப்பக் குறைங்க" என்றாள் நர்சம்மா.

நாக்கு அக்கா குறைக்கவில்லை, ஒழித்தேவிட்டாள். உப்பு ஜாடி பரண்மேல் ஏறிற்று. மருமகள் சாப்பிடாத உப்பை வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது என்று சட்டம் போட்டாள். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தான். நாலு கவளம் உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தான்.

"உப்பே போடலன்னு சொன்னே, சரியாத்தானேம்மா இருக்கு?"

"எல்லாம் கைப்பக்குவம்டா" என்றாள் அவள்.

போடாத உப்பு எங்கிருந்து வந்தது என்று சாப்பிட்ட மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. மறு மாதம் நர்சம்மா வந்தபோது பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. "உப்ப நிறுத்தினீங்களா இல்லையா?" என்று எரிந்து விழுந்தாள். நிறுத்தியதாக மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள். அவள் நம்பவில்லை.

அதற்கடுத்த முறை அவள் வந்தது, காற்றுக்காலத்துக்கு முந்தின கடைசிப் படகில். காலையிலேயே கடல் நிறம் மாறியிருந்தது. படகுக்காரர் இறங்காமலேயே கத்திவிட்டார், மத்தியானத்துக்குள் கிளம்பாவிட்டால் கிளம்பவே முடியாது என்று. மருமகளுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்து ஒரு வாரம்.

நர்சம்மா மருமகளின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா. கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குது."

நர்சம்மா நாக்கு அக்காவைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "இன்னிக்கு என்கூட அனுப்பிடுங்க. நாப்பத்தஞ்சு நாள் இங்க வச்சிருந்தா வலிப்பு வரும். வந்தா ரெண்டு உயிரும் தங்காது. ஒளிச்சுப் பேச நேரமில்லம்மா."

கேட்டுக்கொண்டிருந்த மகன் ஒரேயடியாக மறுத்தான். அவன் பயமும் வீண் பயமில்லை. போன வருஷம் இதே கடைசிப் படகில் வயிற்றுப்பிள்ளையோடு ஏறிய ஒருத்தி அக்கரை சேரவில்லை. "இந்தக் கடல்ல இந்த வயித்தோட ஏத்தச் சொல்றீங்களா? இங்க காத்து, தண்ணி எல்லாம் சுத்தம். அம்மா பாத்துப்பாங்க" என்றான். மருமகளும் கட்டிலில் இருந்தபடியே, "நான் அத்தைகூடவே இருக்கேன்" என்றாள். இரண்டு பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் எதைச் சொன்னாலும் அதுதான் நடக்கும், அப்படிப்பட்ட நம்பிக்கை.

நாக்கு அக்கா வாசல் வழியாகக் கடலைப் பார்த்தாள். நர்சம்மா பையிலிருந்து வாந்தி மாத்திரை ஒன்றை எடுத்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் படகிலேயே தங்கிவிட்டது. அவசரத்தில் பக்கத்திலிருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வாயில் ஊற்றினாள். ஊற்றிய மறு நொடி மாத்திரையோடு சேர்த்துத் தரையில் துப்பினாள்.

"இதுல யாரு உப்பப் போட்டது?"

"யாரும் போடல. அது கிணத்துத் தண்ணி."

"இதையா தினமும் குடிக்கிறா?"

நாக்கு அக்கா டம்ளரை வாங்கி மிச்சத்தைக் குடித்தாள். இனித்தது. வழக்கம்போல நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தன் நாக்கின் மேலேயே சந்தேகம் வந்தது.

அடுத்த அரை மணி நேரத்தில் கிணற்றடியில் தீவே கூடிவிட்டது. நர்சம்மா படகுக்காரரின் கேனிலிருந்து அக்கரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு டம்ளர். ஒன்றில் அது, இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். எது எது என்று சொல்லாமல் நீட்டினாள். நாக்கு அக்கா கண்ணை மூடி ஒவ்வொன்றாகக் குடித்தாள். முதலாவது சப்பென்று, பாத்திரம் கழுவின தண்ணீர் போல இருந்தது. இரண்டாவதைக் காட்டி, "இது நல்லது" என்றாள்.

படகுக்காரர் அந்த இரண்டாவதை வாங்கி ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவர் குடித்தார். "அக்கா சொன்னது சரிதான். இது கற்கண்டு மாதிரி இருக்கு" என்று கிணற்றுத் தண்ணீரைத்தான் தூக்கிக் காட்டினார். வரிசையாக இருபது பேர் குடித்தார்கள். இருபது பேரும் அதையே காட்டினார்கள். நர்சம்மாவைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள், வாந்தி எடுத்த வாய்க்கு ருசி எங்கே தெரியும் என்று.

கடைசியில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு மருமகள் வந்தாள். இரண்டையும் குடித்தாள். யோசிக்கக்கூட இல்லை.

"இதுதான் நல்லாருக்கு அத்தை" என்று கிணற்றுத் தண்ணீரை நீட்டினாள்.

பதினேழு மாதத்துக்கு முன்னால் கரிக்குதே என்று சொன்ன அதே வாய். நாக்கு அக்காவுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் தன் முகத்தையே பார்த்துப் பழகிய கூட்டத்தைப் பார்த்து அவள் சொன்னாள்.

"என் நாக்கு செத்துப்போச்சு. எப்ப செத்துச்சுன்னு எனக்கே தெரியல. அஞ்சு வருஷமா நான் நல்லதுன்னு சொன்னது எதையும் நம்பாதீங்க. இவ வந்த அன்னைக்கே சொன்னா, நான்தான் வாயை அடைச்சேன். செத்த பிள்ளைங்களும் என் கணக்குலதான்." பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "நான் தப்பாச் சொன்னதையெல்லாம் இத்தனை நாள் நம்பினே. இன்னிக்கு ஒரு தடவை உண்மையச் சொல்றேன், அதையும் நம்புடா. அவளைப் படகுல ஏத்து."

 மகன் மருமகளைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தான். நர்சம்மா பின்னாலேயே ஓடினாள்.

கூட்டம் கலையவில்லை. மருமகள் மேல் பாசம், அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி அடுத்தவளின் காதைக் கடித்தாள். நாக்கு அக்கா மோட்டார் அறையைப் பூட்டப் போனாள். தலைவர் குறுக்கே வந்து நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"பூட்டு அக்கா. நான் தடுக்கல. நாப்பத்தஞ்சு நாள் அறுபது வீடும் எதைக் குடிக்கும், அத மட்டும் சொல்லிட்டுப் பூட்டு."

அவள் பூட்டிலிருந்து கையை எடுத்தாள்.  சாவியை அவர் கையில் கொடுத்தாள். மறுநாளே தலைவரின் தம்பி மனைவி தண்ணீர் பார்க்க ஆரம்பித்தாள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இந்தத் தீவில்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணைக்கூட மூடாமல், நல்லது என்றாள்.

படகு போன அன்று சாயங்காலமே காற்று பிடித்துக்கொண்டது. ஓட்டுக்கூரைகள் இரவும் பகலும் கடகடவென்று அடித்துக்கொண்டன. கடலைப் பார்க்கவே யாரும் போகவில்லை. நாக்கு அக்கா சோறு இறங்காமல் கிடந்தாள். படகு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதுகூட ஆறு நாள் தெரியவில்லை. அந்தக் காற்றில் தொலைபேசி சிக்னல் கிடைக்காது.

ஏழாம் நாள் தலைவர் வீட்டு மாடியில் தொலைபேசி மணி அடித்தது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அவள் போவதற்குள் நாலைந்து பெண்களும் மாடியேறிவிட்டார்கள். காற்றுச் சத்தத்தில் காது கேட்காது என்று தலைவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அம்மா, பாதிக் கடல்லயே வலிப்பு வந்துடுச்சு" என்றது மகன் குரல். "நர்சம்மாதான் நாக்கைக் கடிச்சுக்காம ஒருக்களிச்சுப் போட்டுப் பிடிச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரி போனதும் வயித்தைக் கிழிச்சு எடுத்துட்டாங்க. பொண்ணு. ஒண்ணே முக்கால் கிலோ. ரெண்டு பேரும் நல்லாருக்காங்கம்மா. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா இல்லன்னு சொன்னாங்க."

நாக்கு அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அவளோடு ஆறு நாளாகப் பேசாதவர்கள்கூட அழுதார்கள். பிறகு மருமகள் குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மெலிந்து.

"அத்தை, பாப்பா உங்க ஜாடைதான். மூக்கு அப்படியே."

"அப்படியா கண்ணு. நீ எப்படி இருக்கே?"

"நல்லாருக்கேன் அத்தை. தண்ணிதான் இறங்க மாட்டேங்குது. ஒரே சப்புன்னு இருக்கு, வாய்ல வச்சாலே குமட்டுது. நம்ம வீட்டுத் தண்ணிக்கு மனசு ஏங்குது. காத்து நின்னதும் முதல் படகுல பாப்பாவைத் தூக்கிட்டு வந்துடறோம்."

மாடியில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கேட்டியா அக்கா" என்றாள் ஒருத்தி. அக்கரை ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே அந்தப் பெண் சாட்சி சொல்லிவிட்டாள், இனி என்ன வேண்டும்? தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

நாக்கு அக்கா தொலைபேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"வராதே."

"என்ன அத்தை? காத்துல கேக்கல."

"நீ வராதேம்மா. புள்ளையத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வரவே வராதே. அவனையும் அங்கேயே வேலை தேடிக்கச் சொல்லு."

 அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"நான் என்ன தப்பு பண்ணேன் அத்தை?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பைப் போய் இப்படிப் பேசுவாளா ஒருத்தி என்று பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் முதுகைத் தடவிய கைகள்தான்.

கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்குப் போனாள். இரண்டு நாளாகத் தண்ணீர் எடுக்கவில்லை, குடம் காலியாகக் கிடந்தது. தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் குடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு நாலாம் மாதம். ரொம்பத் தாகமா எடுக்குதுக்கா, எனக்கு ரெண்டு குடம் வேணும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.